கொல்லிமலையில் ஒரு கார்புரேட்டர்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் மாணாக்கர் நெஞ்சில் எழுவன இரண்டு. வல்வில் ஓரியின் அம்பு ஒன்று. காண்பார் உயிரைக் கவரும் கொல்லிப்பாவை மற்றொன்று. சென்ற விடுமுறையில் யாம் அம்மலைமேல் கழித்த நாட்களில் இவ்விரண்டையும் நினைத்தற்கு எமக்குப் பொழுது வாய்த்திலது. எம் சிந்தை முழுவதும் உள்ளங்கையளவினதாகிய ஓர் உலோகக் கருவியின்மேல் நின்றது. அதனைக் கார்புரேட்டர் என்பர். கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் இத்தகைய பொருளுக்கு இடம் உண்டோ என ஐயுறும் அன்பர்கள் சிறிது பொறுத்துப் படித்தருளுமாறு வேண்டுகின்றோம்.

யாம் என்றது இருவரை. ஒருவர் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் இக்கட்டுரையாளர். மற்றவர் விடுதியில் எமக்கு அடுத்த அறையில் உறையும் பௌதிக வகுப்புத் தோழர். எம் தாய்மாமா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், செம்மேட்டில் வாழ்பவர். 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் உண்டு. நல்ல சாலை எட்டாத சிற்றூர்களுக்கும் அவர் அதன்மேல் ஏறிச் சென்றுவருவார். முற்காலத்தில் அவ்வழிகளிற் கால்நடையாகவோ மட்டக்குதிரைமீதோ செல்லுதலே வழக்கம். 1974-இல் மறைந்த பிராண்ட் அம்மையார் தள்ளாத முதுமையிலும் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகச் சென்றதை மாமா அடிக்கடி எடுத்துரைப்பார். "அம்மையாருக்குக் குதிரை, எனக்குப் புல்லட்" என்பது அவர் வாய்பாடு.

அவ்வண்டி 'டிரயல்ஸ்' முறைக்கேற்பத் திருத்தியமைக்கப்பெற்றது. டிரயல்ஸ் என்பது விரைவுப் போட்டி அன்று. மெதுவாய்ச் செல்லும் போட்டி என்றே கூறலாம். பாறை, ஓடை, செங்குத்தான மேடு ஆகியவற்றின்மீது, காலை நிலத்தில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்திக் கடத்தல் வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 குற்றப்புள்ளி. இரு முறையாயின் 2. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினும் 3. வண்டி நின்றுபோயின் 5. புல்லட் வண்டிக்கும் இவ்விளையாட்டிற்கும் உறவு பழமையானது. பெரும்பாலான வண்டிகளின் பின்சக்கரம் சட்டத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்த காலத்தில், பின்புறமும் ஸ்பிரிங் உடைய புல்லட் 1948-இல் இங்கிலாந்தில் இத்தகைய போட்டிகளிலேயே முதன்முதற் களம் இறங்கிற்று. 1952-இல் ஸ்காட்லாந்து தேசத்து ஆறுநாட் போட்டியில் ஜானி பிரிட்டன் என்பார் புல்லட் ஏறி வென்றார். 1955-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அவ்வண்டியைச் செய்தற்கு ஏற்பாடு ஆயிற்று. இவ்வரலாற்றை எம் மாமா, கேட்பாரும் கேளாதாரும் அறியச் சொல்லுவர். அவர் தம் வண்டியின் கனத்த மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, புகைக்குழாயை உயர்த்தி, பின்சக்கரத்திற்குப் பெரிய பற்சக்கரம் மாட்டி, மனிதன் நடக்கும் வேகத்தில் மலைப்பாறைமேல் ஊர்ந்து செல்லுமாறு செய்திருந்தனர்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் ஓடைக்கரையில் அவ்வண்டியோடு வீழ்ந்து, மாமா வலக் கணுக்காலை முறித்துக்கொண்டனர். கட்டுப்போட்ட காலோடு திண்ணையில் அமர்ந்த அவருக்கு வண்டியின்மேல் ஒரு வெறுப்பு உண்டாயிற்று. அன்றியும் அதன் பழைய கார்புரேட்டர் தேய்ந்து, பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. இரும்புக் கடைக்காரர் ஒருவரோடு விலை பேசிவிட்டதாக எம் அன்னைக்குச் செய்தி வந்தது. யாம் சிறு பிள்ளையாய் அவ்வண்டியின் டாங்கின்மேல் அமர்ந்து மலையைச் சுற்றிவந்தோம். அதனை இரும்பென எடைபோட மனம் ஒருப்படவில்லை. தொலைபேசியில் மன்றாடினோம். அவர் சொன்னது இது: "மாப்பிள்ளை, புதுக் கார்புரேட்டர் மாட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் வீட்டின் பின்னுள்ள ஓடைமேட்டை ஏற்றிக் காட்டு. ஏறினால் வைத்துக்கொள்கிறேன். ஏறாவிட்டால் திங்களன்று கடைக்காரர் வருவார்."

வாழைக்குலை ஏற்றி இறங்கும் வண்டியொன்றில் புல்லட் சமவெளிக்கு வந்தது. யாம் இருவரும் உணவுச் செலவைச் சுருக்கிச் சேர்த்த பணத்தாற் புதுக் கார்புரேட்டரும், சில உபரி ஜெட்டுகளும் வாங்கினோம். முதிய மெக்கானிக் ஒருவர் அதனைத் தம் கையாற் பொருத்தினார். சிறிய ஸ்பானரால், இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக அவர் முடுக்கியதைக் கண்டு, 'இவ்வளவு மெல்ல முடுக்கினால் மலையேறும்போது நிற்குமா?' என்று எம் மனத்துள் ஓர் ஐயம் எழுந்தது. எழுந்த ஐயத்தை அவரிடம் கேட்டிலோம்.

கார்புரேட்டர் செய்யும் தொழில் இன்னதென்று தோழர் எமக்கு விளக்கியவாறே இங்குக் கூறுவோம். எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும்பொழுது காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைந்து ஓடும். விரையும் காற்றின் அழுத்தம் குறையும். குறையவே, கீழேயுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் என்னும் ஊசித்துளையின் வழியாக மேலேறித் துளித்துளியாகச் சிதறிக் காற்றோடு கலக்கும். 1893-இல் ஹங்கேரி நாட்டின் பாங்கி, சொங்கா என்னும் இருவர் இத்தகைய கருவிக்கு உரிமை பெற்றனர். பூக்காரி ஒருத்தி மலர்மேல் நீரைத் தூவாலையாக ஊதக் கண்டே அந்நினைவு அவர்க்கு உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு வேண்டும். காற்று மிகுந்தால் எஞ்சின் தும்மும், சுடும். பெட்ரோல் மிகுந்தாற் கரும்புகை கக்கும். 2020 ஏப்ரல் முதல் வந்த புகைக்கட்டுப்பாட்டு விதியின் பின்னர்ப் புதிய வண்டிகள் பெரும்பாலும் இவ்வேலையை மின்னணுக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டன. பழைய வண்டியுடையார் இன்னும் திருப்புளியும் கையுமாகவே திரிகின்றனர்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் யாம் வண்டியேறிப் புறப்பட்டோம். தோழர் பேருந்தில் வந்தனர். மலையடியாகிய காரவள்ளியில் தேநீர் அருந்தி, வண்டியை ஒருமுறை சோதித்துக்கொண்டு, எழுபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறலானோம். முதல் முப்பது வளைவுகள் வரையில் வண்டி தேனாய் ஓடிற்று. குரங்குகளும் எம்மை மதித்து வழிவிட்டன. ஐம்பதாவது வளைவை அணுகும்பொழுது ஒரு மாறுதல் தோன்றிற்று. கைப்பிடியைத் தளர்த்தியும் எஞ்சின் அடங்காமல் உயர்ந்த குரலிற் கத்திற்று. பின் திடீரெனச் சோர்ந்து அணைந்தது. உதைத்தால் எழும், மீண்டும் கத்தும், கார்புரேட்டர் வழியே ஒரு தும்மல் தும்மும். சோளக்காட்டை அடைவதற்குள் எம் வலக்கால் உதைத்து உதைத்து ஓய்ந்தது. செம்மேட்டில் திண்ணைமேல் அமர்ந்திருந்த மாமா, வண்டி தெருமுனை திரும்பும்போதே ஒலியைக் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையை அசைத்தனர்.

அன்றிரவே தோழர் குறிப்பேட்டை விரித்தனர். அவர் கண்ட காரணம் அழகாயிருந்தது. கொல்லிமலை கடல்மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்தது. அவ்வுயரத்திற் காற்றின் செறிவு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைய, பெட்ரோல் மிகும். ஆதலின் பெட்ரோலைக் குறைத்தல் வேண்டும். 'வண்டி சமவெளியில் ஓடிற்று, மலைமேல் நின்றது. மலைக்கும் சமவெளிக்கும் வேற்றுமை உயரமே' என்னும் வாதத்தில் யாம் ஒரு குறையும் கண்டிலோம்.

சனிக்கிழமை முழுவதும் அவ்வாதத்தின் வழியே நடந்தோம். பெரிய ஜெட்டைக் கழற்றிச் சிறிய ஜெட்டை இட்டோம். ஊசியின் கிளிப்பை ஒரு படி உயர்த்தி ஊசியைத் தாழ்த்தினோம். காற்றுத் திருகை ஒரு சுற்று வெளியே திறந்தோம். இவை மூன்றும் பெட்ரோலைக் குறைக்கும் செயல்களே. ஒவ்வொன்றின் பின்னும் வண்டி முன்னையினும் இழிந்தது. நண்பகலில் அது எதிருதை உதைத்துத் தோழரின் முழந்தாளைக் கன்றச் செய்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பெட்ரோல் மிகுதியாயின் அது கரி படிந்திருத்தல் வேண்டும். அதுவோ சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. 'புதிய பிளக் ஆதலின் இன்னும் கரி பிடிக்கவில்லை' என்று யாமே விடை கூறிக்கொண்டோம். கொள்கை ஒன்றை அணைத்துக்கொண்டவர்க்குக் கண்முன் நிற்கும் சான்றும் பகையாகிவிடுகிறது.

பிற்பகல் மூன்று மணியளவில் எமக்கு வேறொரு தெளிவு பிறந்தது. அஃதாவது, கார்புரேட்டர் போலிச் சரக்கு என்பது. உடனே சமவெளி மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தோம். பேசியவர் இக்கட்டுரையாளரே. ஓர் இலக்கிய மாணவன் சினங்கொண்டால் எத்துணைச் சொல்வளம் பெறுவான் என்பதை அப்பெரியவர் அன்று அறிந்தார். மட்டமான பொருளை மாட்டி எம்மை ஏமாற்றினார் என்றோம். பொருத்தத் தெரியாமற் பொருத்தினார் என்றும் சொன்னோம். அவர் இடைமறியாமற் கேட்டுப் பின் வினவியது ஒன்றே: "தம்பி, சோக்கைத் தூக்கினால் வண்டி நிதானத்துக்கு வருகிறதா, இன்னும் கெடுகிறதா?"

"அதெல்லாம் பார்த்தாயிற்று" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தோம். பார்த்திலோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் தோழர் எழுந்து விளக்கேற்றி எம் கட்டிலண்டை வந்தனர். "கணக்குத் தவறு, வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டேன். செறிவு ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் கலவை நூற்றுக்கு ஆறு அளவே மாறும். ஆறு பங்கிற்கு வண்டி இவ்வளவு ஆடாது. பழி மலையின்மேல் இல்லை. உன்னை ஒரு நாள் முழுதும் தவறான வழியில் நடத்திவிட்டேன், மன்னித்துக்கொள்" என்றனர். அவர் அதனை மிக எளிதாகச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே உறங்கியும்விட்டார். எமக்கோ அதன்பின்னரும் உறக்கம் இல்லை. காரணம் பின்னர் விளங்கும்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து, நகக்கண்ணிற் கரியோடு வீடு திரும்பினோம். மாமா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு முற்றத்திற்கு வந்தனர். "இரண்டு நாளாய் உங்கள் படிப்பைப் பார்த்தேன். இப்போது என் படிப்பையும் பாருங்கள்" என்று சொல்லி, வண்டியை உயிர்ப்பிக்கச் செய்தனர். காலைக் குளிரிற் சோக்கோடு அது ஒழுங்காகவே நின்றது. சூடேறியபின் சோக்கை இறக்கச் சொன்னார், கத்திற்று. மீண்டும் தூக்கச் சொன்னார், அடங்கிற்று. பெட்ரோல் மிகுந்த எஞ்சினுக்குச் சோக்கைத் தூக்கினால் மூச்சுமுட்டும். இதுவோ தாய்ப்பாலைக் கண்ட மகவைப்போல் அமைதியுற்றது. அதற்கு வேண்டுவது பெட்ரோல். யாம் சனிக்கிழமை முழுதும் அதனைப் பட்டினி போட்டிருந்தோம்.

பின் அத்தையிடம் ஒரு டம்ளரில் நீர் கேட்டு வாங்கி, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் வாய்ப்பொருத்தின்மேல் விரலாற் சொட்டுச் சொட்டாக விடுவித்தனர். மேற்புறம் விட்டார், ஒன்றும் இல்லை. உட்புறம் விட்டவுடன் நீர் 'சீத்' என்று உள்ளே இழுபட்டது. அந்நொடியில் எஞ்சினின் கூச்சல் தாழ்ந்தது. நீர் வற்றியதும் மீண்டும் எழுந்தது. பொருத்துவாயில் ஓர் இடைவெளி. அதன் வழியே கள்ளக் காற்று நுழைந்து கலவையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

"எஞ்சின் சூடான பிறகுதான் வாய் பிளக்கிறது. நட்டை யாரோ முரட்டுத்தனமாய் முடுக்கியிருக்கிறார்கள். இரண்டு காதும் எஞ்சின்பக்கம் வளைந்து நடுப்பகுதி தூக்கிக்கொண்டது. யார் முடுக்கியது?" என்றனர் மாமா.

"அந்த மெக்கானிக்தான்" என்றனர் தோழர்.

தமிழிலே யாம் என்பது கேட்போரை உளப்படுத்தாத பன்மை. நாம் என்பது உளப்படுத்தும் பன்மை. இவ்வேறுபாட்டைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருக்கின்றோம். ஒருவனே செய்த செயலை யாம் என்னும் போர்வைக்குள் ஒளித்து வைத்தலும் எளிது என்பதை அன்று கண்டோம். இக்கட்டுரையிலும் மேலே ஓரிடத்தில், 'காரவள்ளியில் வண்டியை ஒருமுறை சோதித்துக்கொண்டு' என்று எழுதிக் கடந்துவிட்டோம். நிகழ்ந்தது இதுவாகும். மெக்கானிக் மெல்ல முடுக்கினார் என்னும் ஐயம் தீராமல், தேநீர்க் கடையருகே நின்ற லாரி ஓட்டுநர் ஒருவரிடம் நீண்ட பிடியுடைய ரிங் ஸ்பானர் இரவல் வாங்கி, அவ்விரு நட்டுகளையும் எம் வலிமை முழுதும் கூட்டி முடுக்கினவர் இக்கட்டுரையாளர் ஒருவரே. தோழர் அப்பொழுது பேருந்தில் இருந்தார். வெள்ளி இரவிலேயே இஃது எம் நினைவில் குத்திற்று; உயரத்தின்மேல் பழி விழவே, நிம்மதியாய் இருந்துவிட்டோம். மெக்கானிக்கை வைதபோதும் அந்நினைவு எம்முள்ளே இருந்தது. ஒருகால் அதனாலேயே அவ்வளவு உரத்து வைதோம் போலும்.

முற்றத்திற் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. மாமாவின் பார்வை நட்டின்மேல் இருந்தது. "யாமே முடுக்கினோம்" என்று தொடங்கி, அஃது இருவரையும் குறிக்குமாதலின், "நான்தான் முடுக்கினேன், மாமா. காரவள்ளியில்" என்று திருத்திச் சொன்னோம். ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவிற்றாம். எம் ஸ்பானரும் கார்புரேட்டர், தோழரின் முழந்தாள், அவர் கணக்கு, பெரியவரின் பெயர் ஆகியவற்றை ஊடுருவி மாமாவின் முற்றத்தில் வந்து நின்றது. தோழர் எம்மை நோக்கினார். அந்நோக்கத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை.

மாமா வைதிலர். "கழற்று" என்றார்; அவ்வளவே.

கழற்றி, ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, எஃகு அளவுகோலைப் பொருத்துவாயின் குறுக்கே நிறுத்தி ஒளிக்கு நேரே பிடித்தோம். நடுவிலே தலைமயிர் அளவு வெளிச்சம் தெரிந்தது. அத்துணைச் சிறியதொரு பிளவே மூன்று நாளும் எம்மை ஆட்டிவைத்தது. சாளரக் கண்ணாடிப் பலகை ஒன்றைக் கழற்றிக் கிடத்தி, அதன்மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, கார்புரேட்டரின் துளைகளைத் துணியால் அடைத்துக்கொண்டு, எட்டு என்னும் எண் வடிவில் அவ்வாயைத் தேய்க்குமாறு மாமா பணித்தனர். கண்ணாடி வழுவாத சமனுடையது. அதன்மேல் தேய்க்கப் பொருத்துவாயும் சமனாகும். நடுப்பகுதி கருத்தும், வளைந்த இரு காதுகள் மட்டும் பளபளத்தும் தோன்றின. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு இருபுறத்திலிருந்தும் நடுநோக்கி வளர்ந்தது. ஒரு மணி நேரத்திற்கு மேல் தேய்த்தோம். முதற் பாதி யாம் தனியே தேய்த்தோம். பிற்பாதியில் தோழர் ஒன்றும் சொல்லாமல் வந்து கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அத்தை தந்த தேநீர் ஆறிப்போயிற்று.

பெட்ரோலாற் கழுவி, காற்றூதி, ஓ-ரிங்கை அதன் குழியில் அமர்த்தி, புதுப் பேக்கிங் இட்டு மாட்டினோம். இம்முறை சிறிய ஸ்பானர். இரு நட்டும் மாறி மாறி. இரண்டு விரலின் வலிமை. சமவெளியில் அப்பெரியவர் செய்தது இதுவே. பழைய ஜெட் மீண்டும் இடம் பெற்றது. காற்றுத் திருகை மென்மையாய் முழுதும் உள்ளே திருகிப் பின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தோம். ஊசியை மட்டும் தாழ்த்திய படியிலேயே விடச் சொன்னார் மாமா. தோழரின் ஆறு விழுக்காட்டிற்கு அஃது ஈடாகும் என்றனர். தோழர் முகம் மலர்ந்தது.

மாலை ஐந்து மணிக்கு வண்டி எழுந்தது. சூடேறிற்று, சோக்கை இறக்கினோம், ஒலி தாழ்ந்து தாழ்ந்து, கிழவர் ஒருவர் வெற்றிலை மெல்லுவதுபோன்ற நிதானத்தில் நின்றது. டிரயல்ஸ் வண்டிக்கு உயிர்நிலை அந்நிதானமே. பாறைமேல் நடைவேகத்தில் ஊரும்போது கைப்பிடி பெரும்பாலும் மூடியே இருக்கும். அந்நிலையில் எஞ்சின் தானாகக் கத்தினால் சக்கரம் வழுக்கும், அணைந்தால் ஆள் வீழ்வான்.

ஓடைமேடு எமக்குப் பழகிய இடந்தான். ஆயினும் அன்று அது வழக்கத்தினும் உயர்ந்து தோன்றிற்று. மிளகுக்கொடி படர்ந்த சவுக்குமரங்களுக்கிடையே இறங்கி, முழங்காலளவு நீரைக் கடந்து, பாசிபடிந்த பாறையொன்றின்மேல் ஏறி, செம்மண் சரிவில் மேலே வரவேண்டும். தோழரையே ஓட்டுமாறு வேண்டினோம். "முடுக்கினவன் ஓட்டட்டும்" என்றனர் அவர். நீரைக் கடந்தோம். பாறையின்மேல் முன்சக்கரம் எழுந்தபோது எஞ்சின் ஒருகணம் தயங்கிற்று. கைப்பிடியை மயிரிழையளவு திருப்ப, அது சொன்னபடி கேட்டது. சரிவின் உச்சிக்கு இரண்டு முழம் இருக்கையில் எம் இடக்கால் தானே நிலத்தைத் தொட்டுவிட்டது.

"ஒன்று!" என்று மேலிருந்து மாமா கூவினர்.

திங்கட்கிழமை இரும்புக் கடைக்காரர் வந்தார். மாமா அவருக்கு ஒரு பலாப்பழம் கொடுத்து வழியனுப்பினார். முன்பணம் வாங்கியிருந்தாரோ, திருப்பிக் கொடுத்தாரோ, யாம் கேட்டிலோம்.

அதன்பின் எஞ்சியது தொலைபேசி. அதனை எடுத்தற்கு ஓடைமேட்டை ஏறுதற்கு வேண்டியதினும் மிகுதியான நெஞ்சுரம் வேண்டியிருந்தது. திண்ணையின் மூலையில் நின்று அழைத்தோம். நிகழ்ந்ததை ஒளியாமற் சொன்னோம். காரவள்ளி, ரிங் ஸ்பானர், எல்லாம். மறுபுறத்தில் சிறிது நேரம் பட்டறையின் சுத்தியலொலி மட்டும் கேட்டது.

"இப்போது சோக் இல்லாமல் நிற்கிறதா?" என்றார்.

"நிற்கிறது, ஐயா."

"காற்றுத் திருகு எத்தனை சுற்று?"

"ஒன்றரை, ஐயா."

"அங்கே காலையில் குளிர் அதிகம். கால் சுற்று உள்ளே வை, தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கால் சுற்று உள்ளே வைத்தோம். செவ்வாய் விடியலிற் பனி மூடிக் கிடந்த முற்றத்தில், வண்டி முதல் உதையிலேயே எழுந்தது.